கடைசி வளைவு

நௌஷாட்டுக்கு அப்ஹாமைக் கண்டால் வயிறு எரியும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அப்ஹாம் காலையில் கிணற்றடியில் நின்று பல் விளக்கினாலும் எரியும், வெள்ளிக்கிழமை வெள்ளை உடுத்துப் பள்ளிக்குப் புறப்பட்டாலும் எரியும். இருவரும் ஒரே மாமியின் மருமக்கள். மூத்தவள் ரிப்காவைக் கட்டியவன் நௌஷாட், இளையவள் சஹ்லாவைக் கட்டியவன் அப்ஹாம். காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே வளவு, ஒரே கேற், ஒரே கிணறு, நடுவில் கைறுன்னிஸா மாமி. பொறாமைப்பட இதைவிட வசதியான இடத்தை யாராலும் ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது.

அப்ஹாம் கட்டாரில் இருந்த காலமெல்லாம் நௌஷாட்தான் இரண்டு வீட்டுக்கும் ஆண்பிள்ளை. சஹ்லாவின் வீட்டு காஸ் சிலிண்டரை மாற்றுவதும் அவன், தண்ணீர் மோட்டர் நின்றால் சேற்றில் இறங்குவதும் அவன், அவளுடைய மகளுக்குக் காய்ச்சல் என்றால் மோட்டார் சைக்கிளை எடுப்பதும் அவன். மாமி ஒரு தென்னங்கன்று நடுவதென்றாலும் "நௌஷாட் மகனிட்ட ஒருக்காக் கேளுங்க" என்பார். வாவியில் பிடித்த கொடுவா மீன் வாங்கும் நாளில் மீனின் தலை மூடி போட்ட கிண்ணத்தில் மூத்த மருமகன் வீட்டுக்குத்தான் வரும். மீன் தலைக்கு ஏங்குகிற ஆள் அல்ல நௌஷாட். ஆனால் அந்தக் கிண்ணம் முற்றத்தைத் தாண்டித் தன் வீட்டுப் பக்கம் வருவதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும்.

அப்ஹாம் வந்தான், கிண்ணம் திசை மாறியது.

அவன் வந்தது லீவில். ஆனால் சஹ்லா இனிப் போக வேண்டாம் என்று பிடித்த பிடியில் நின்றாள். கம்பனி விசாவை வைத்துக்கொண்டு, வருவாயா மாட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஊரில் நல்ல வேலை ஒன்று நிலைத்தால் நிற்பேன், இல்லையென்றால் போவேன் என்று அப்ஹாம் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னான். அந்த நல்ல வேலையைக் கொடுத்தவர் உசனார் ஹாஜியார். வாவிக் கரையில் மாடி மாடியாகக் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் விழுகிற மழைத் தண்ணீரைக் கட்டடத்துக்குள்ளாலேயே கீழே இறக்கி வாவியில் விட வேண்டும். அதற்கு வார்ப்பிரும்புக் குழாய்தான் வேண்டும் என்று கொழும்பிலிருந்து இறக்கியிருந்தார்.

"பிளாஸ்டிக் பைப்பெண்டா உள்ளுக்கு நிக்காஹ் நடக்கக்குள்ள தண்ணி சளசளக்கும். இரும்பு மூச்சும் விடாது" என்றார் ஹாஜியார். "தம்பி அப்ஹாம் கட்டார்ல இதத்தான் பூட்டினவராம். நௌஷாட், நீங்களும் அவரோட சேந்து நில்லுங்க."

சேர்ந்து நில்லுங்க! அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் நௌஷாட் பூட்டிய குழாய்தான். ஹாஜியாரின் பழைய வீட்டுக் குளியலறை உட்பட. அவன் 'சரி ஹாஜியார்' என்றான். வேறென்ன சொல்வது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு சொல்லையும் மென்றுகொண்டே வந்தான்.

வேலை தொடங்கியது. நௌஷாட் பழகிய பிளாஸ்டிக் குழாய் பசையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த இரும்புக்குப் பசை கிடையாது. இரண்டு குழாய் முனைகளையும் முட்ட வைத்து, மேலே ரப்பர் வளையம் போட்டு, அதன் மேல் எஃகுப் பட்டியை இறுக்க வேண்டும். வளைவு வரும் இடங்களில் அப்ஹாம் அந்தப் பட்டிக்கு மேல் இன்னொரு கிளாம்பையும் பூட்டினான். அதன் உள்பக்கம் முழுக்கப் பல். இறுக்க இறுக்க இரண்டு பக்கத்து இரும்பையும் கடித்துப் பிடிக்கும்.

"வழிஞ்சு போற மழைத்தண்ணிக்கு என்னத்துக்கு இவ்வளவு பல்லு?" என்று நௌஷாட் கேட்டான். கூட நின்றவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே கேட்டான்.

அப்ஹாம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "வழிஞ்சு போகு மட்டும் ஒண்டும் இல்ல காக்கா. கீழ எங்கயும் அடைச்சிட்டா மேல தட்டு வரைக்கும் பைப்புக்குள்ள தண்ணி நிக்கும். அவ்வளவு பாரமும் கீழ் வளைவுலதான். இரும்பு உடையாது. ரப்பரும் கசியாது. ஆனா வளைவு மெல்ல மெல்லத் தள்ளிட்டுப் போய் ஒரேயடியாக் கழண்டுரும்."

இவ்வளவையும் சொந்த அண்ணனைப் போலக் காக்கா என்று கூப்பிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னான். திமிராகச் சொல்லியிருந்தால் நௌஷாட்டுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

குழாயைப் பரீட்சித்துப் பார்க்கும் நாள் வந்தது. கட்டடத்தின் உள்ளே, குழாய் சுவரைத் தாண்டி வெளியே போவதற்குச் சற்று முன்னால், அப்ஹாம் அடைப்பு வைத்தான். மேலேயிருந்து தண்ணீர் விட்டு விளிம்பு வரை நிரப்பினார்கள். நௌஷாட் ஒவ்வொரு மாடியாக இறங்கி ஒவ்வொரு வளைவின் கீழும் விரலை வைத்துத் தடவினான். உதவி செய்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் ஒரு சொட்டுத் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தான். விரல் காய்ந்தபடியே வந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹாஜியார். "இத மழை காலம் முழுக்கப் பாப்பம் தம்பி. ஒரு கரைச்சலும் இல்லாட்டி நான் கல்லடில கட்டுற ஹோட்டலும் உங்களுக்குத்தான். பிறகு கட்டார் என்னத்துக்கு?"

அன்று மாமி கொடுவா வாங்கினார். மூடி போட்ட கிண்ணம் முற்றத்தில் இறங்கி, நௌஷாட்டின் வாசலைக் கடந்து, நேரே சஹ்லாவின் வீட்டுக்குள் போனது. நௌஷாட் கதிரையில் இருந்தபடியே அது போய் முடியும் வரைக்கும் பார்த்தான்.

அடுத்த நாள்தான் அவன் அதைக் கண்டான். அடைப்பு வைத்த இடத்துக்கு அப்பால் குழாய் சுவரைத் துளைத்து வெளியே வந்து, பின்வளவில் முழங்கால் உயரத்தில் ஓடி, மதில் குறுக்கிடும் இடத்தில் திரும்பி வாவிப் பக்கம் இறங்கியது. அந்தத் திருப்பத்தில் ரப்பரும் பட்டியும் மட்டும்தான். பல் வைத்த கிளாம்ப் இல்லை.

"இதுக்குப் போடல்லியா?"

"இது திறந்த வாய்தானே காக்கா. தண்ணி நிக்கிறதுக்கு வழியில்ல" என்றான் அப்ஹாம்.

குழாயின் வாய் வாவித் தண்ணீருக்கு மேலே காற்றாட இருந்தது. அப்ஹாம் வெளியூர், ஓட்டமாவடிக்காரன். கட்டார் போய், அங்கிருந்து வந்து, இந்தக் கரையில் மாரி காலத்தை ஒழுங்காக ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. நௌஷாட் இங்கேயே பிறந்தவன். மாரி மழையில் வாவி எப்படி ஏறும் என்று அவனுக்குத் தெரியும். வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயில் மணல் திட்டு கடலை மறித்துக்கொண்டு கிடக்கும். அதை வெட்டித் திறக்கும் வரைக்கும் தண்ணீர் போக இடமில்லாமல் கரைக்கு மேலே வரும். வரும்போது சும்மா வராது, மிதக்கிற ஆற்றுவாழைச் செடியைக் கூட்டம் கூட்டமாகத் தள்ளிக்கொண்டு வரும். இந்தக் குழாயின் வாய் மூழ்கும், ஆற்றுவாழை அதற்குள் அடைந்து இறுகும். மேலே மழை கொட்டும். அப்புறம் அப்ஹாம் சொன்னதேதான், மேல் தட்டு வரைக்கும் தண்ணீர் நிற்கும்.

சொல்வதற்கு நௌஷாட் வாயைத் திறந்தான். அதே நேரம் அப்ஹாமின் போன் அடித்தது. கட்டாரில் இருக்கும் கூட்டாளி. அப்ஹாம் போனைத் திருப்பிக் கட்டடத்தைக் காட்டி, "நம்மட வேலதான், பாருங்க" என்றான்.

நம்மட வேல. நௌஷாட் வாயை மூடிக்கொண்டான். வாவியைப் பற்றித் தெரியாதவன் தெரிந்தவனிடம் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டால் சொல்லலாம். கேட்கட்டும் என்று நினைத்தான்.

அப்ஹாம் கேட்கவில்லை. தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பான் என்று நௌஷாட்டுக்கு விளங்காமல் இல்லை.

மழை தொடங்கியது. வாவி ஏறியது. கரடியனாற்றுப் பக்கம் வயல் மூழ்குகிறது, ஆற்றுவாயை வெட்டுங்கள் என்று விவசாயிகள் கத்தினார்கள். இப்பவே வெட்டினால் இறாலெல்லாம் கடலுக்குப் போய்விடும், பொறுங்கள் என்று மீன்பிடிகாரர் கத்தினார்கள். அதிகாரிகள் வந்து அளந்து அளந்து போனார்கள். தேநீர்க் கடைகளில் வேறு கதை இல்லை. நௌஷாட் தினமும் மண்டபத்துப் பின்வளவுக்குப் போய்ப் பார்த்தான். ஒருநாள் குழாயின் வாய் தெரிந்தது. இன்னொரு நாள் தெரியவில்லை. அதன் மேல் ஆற்றுவாழை பச்சைப் பசேலென்று படுத்திருந்தது.

"என்னங்க, சோறும் ஒழுங்காத் தின்றீங்க இல்ல" என்றாள் ரிப்கா.

"ஒண்டுமில்ல."

"எனக்குத் தெரியும். சஹ்லாட மாப்பிள நிண்டா உங்களுக்கு என்ன வந்த? அவள் இவ்வளவு காலமும் தனியக் கிடந்தவள்தானே. புள்ள வாப்பாவ போன்லதானே கண்டது."

"அந்தப் புள்ளய ஸ்கூலுக்கு ஏத்தி இறக்கினது ஆரு?"

"நீங்கதான். இப்ப அவர் ஏத்தி இறக்குறாரு. அதுக்குமா எரிச்சல்?"

அதற்கும்தான். அதற்குத்தான் ஆகக் கூட. ஆனால் ஒருவன் அதை மனைவியிடம் எப்படிச் சொல்வான்? பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஹாஜியாரின் மகனுக்குக் கல்யாணம் முடிந்து வலீமா. புது மண்டபத்தில் முதல் விருந்து, பகல் சாப்பாடு. ஆண்களுக்கு முதலாம் மாடியில் பாய் விரித்து சஹன் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றிக் கூட்டமாக இருந்து சாப்பிட வேண்டும். ஹாஜியார் தானே வந்து, "சகலன்மார் ரெண்டு பேரும் ஒண்டா இரிங்க" என்று நௌஷாட்டையும் அப்ஹாமையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டுப் போனார். குழாய் ஓடும் தூண் நௌஷாட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அப்ஹாம் தட்டின் நடுவில் இருந்த நல்ல இறைச்சித் துண்டை எடுத்து நௌஷாட்டின் பக்கம் தள்ளி வைத்தான். "திண்டு பாருங்க காக்கா, நல்லா வெந்திரிக்கி."

வெளியே மழை அடித்து ஊற்றியது. கிளம்பிய சிரிப்பிலும் பேச்சிலும் யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது. நௌஷாட்டுக்குக் கேட்டது. தூணுக்குள்ளே, தூரத்தில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்குகிற சத்தம் அது. அது இருக்கும் வரைக்கும் பயமில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை.

குழாய் நிறைந்துவிட்டது. இதை அந்த மண்டபத்தில் அறிந்தவன் அவன் ஒருவன்தான். பக்கத்தில் அப்ஹாம் எலும்பைச் சப்பிக்கொண்டு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம். வளைவு கழன்று விழும். ஹாஜியார் எல்லோர் முன்னாலும் கிழிப்பார். கல்லடி ஹோட்டல் கைவிட்டுப் போகும். அப்ஹாம் விமானம் ஏறுவான். மாமி மறுபடியும் 'நௌஷாட் மகன்' என்று கூப்பிடுவார். கிண்ணம் திரும்பி வரும். அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு நான் உபகாரம் செய்ததாகிவிடும். ஆகவே சொல்கிறேன். இன்னொரு பிடி சோற்றை உருட்டி வாயில் போட்டான்.

அப்போதுதான் யாரோ, "கைறுன்னிஸா உம்மா கீழ நிண்டு பொம்புளையளுக்குச் சோறு போட்டு அனுப்புறா" என்றார்கள். மழைக்காகச் சமையல் கொட்டிலை மதிலோடு சேர்த்து அடித்திருந்தார்கள். அடுப்பும் கொதிக்கிற சட்டிகளும் மாமியும் எல்லாம் அந்த வளைவுக்குப் பக்கத்தில்.

சஹனில் மற்றவர்கள் சாப்பிட்டு முடியுமுன் எழும்புவது மரியாதை இல்லை. நௌஷாட் எழும்பினான். சோற்றுக் கையோடு படிகளில் விழுந்தடித்து இறங்கினான்.

வளைவு தள்ளிக்கொண்டு நின்றது. மூட்டு வாய் பிளந்து, பட்டிக்குக் கீழே ரப்பர் வெளித்தெரிந்து, தண்ணீர் தகடு போலச் சீறியது. இரண்டு எட்டில் மாமி அகப்பையோடு நின்றார்.

"மாமி, அங்கால போங்க! அடுப்ப விட்டுட்டுப் போங்க எல்லாரும்!"

அடுப்புக்கு வைத்திருந்த விறகில் தடித்த ஒரு குற்றியைத் தூக்கி, வளைவுக்கும் மதிலுக்கும் நடுவில் செருகினான். இன்னொரு குற்றியால் அடித்து அடித்து இறுக்கினான். இரும்பு எருமை மாதிரி முட்டியது. மதில் தாங்கியது. பின்னால் ஓடி வந்த அப்ஹாமைப் பார்த்து, "மேல ஓடு! தட்டுல தண்ணி இறங்குற வாயெல்லாம் மூடு!" என்று கத்தினான்.

அப்ஹாம் கண்ணில்பட்ட வெறும் சஹன் தட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினான். மொட்டை மாடியில் குழாய் வாய்களின் மேல் அவற்றைக் கவிழ்த்து, மேலே கல்லைத் தூக்கி வைத்தான். மாடியில் தேங்கிய மழை பக்கத்துத் துளைகளால் வெளியே வழிந்தது. கீழே சீறல் தணிந்து, ஒழுக்காகி, சொட்டாகியது. குற்றி அசையவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. சமையற்காரன் அஸ்பாக் நடந்ததைச் சொன்னான். ஹாஜியார் வளைவைப் பார்த்தார், கொதிக்கிற சட்டியைப் பார்த்தார். "நௌஷாட் மட்டும் வந்திரிக்காட்டி இண்டைக்கு மையத்துத்தான் விழுந்திரிக்கும்" என்றார்.

அப்ஹாம் நனைந்து ஊறி இறங்கி வந்தான். குந்தியிருந்து வளைவைத் தொட்டுப் பார்த்தான். வாவியில் மூழ்கிக் கிடந்த வாயையும் அதை மூடிய ஆற்றுவாழையையும் பார்த்தான். பிறகு நௌஷாட்டின் காதோடு கேட்டான். "மேல ஒரு சத்தமும் கேக்கல்லியே காக்கா. நேர இந்த வளைவுக்குத்தானே ஓடி வந்தீங்க?"

நௌஷாட் குற்றியைக் காலால் உதைத்துப் பார்த்தான். தனக்கு முன்பே தெரியும் என்பது அப்ஹாமின் முகத்தில் மெல்லப் பதிவதை அவன் பார்த்தான்.

"இதுதானா தம்பி உங்கட கட்டார் வேல?" என்று ஹாஜியார் திரும்பினார்.

அப்ஹாம் எழும்பி நின்றான். "காக்கா முந்தியே சொன்னவரு ஹாஜியார். இந்த இடத்துல தண்ணி ஏறும், கிளாம்ப் போடு எண்டு. நான்தான் காதுல போட்டுக்கல்ல."

"அப்ப கேக்கத் தெரியாதவனுக்கு வேலயும் இல்ல. கல்லடி நௌஷாட்டுக்குத்தான். முடிஞ்சி."

நௌஷாட் ஆசைப்பட்டதெல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்து விழுந்துவிட்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சஹ்லா நின்றாள். அவள் கணவனையும் பார்க்கவில்லை, ஹாஜியாரையும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தாள்.

நௌஷாட்டுக்கு எரிந்தது. இத்தனை நாளும் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி எரிந்தது. இவன் யார் எனக்காகப் பொய் சொல்ல? என்னைக் கேட்காமலே என்னை மன்னிக்க இவன் யார்? வேலையில் முந்தினான், வீட்டில் முந்தினான், இப்போது பெரிய மனுசத்தனத்திலும் முந்திக்கொண்டு போகிறான். இனி இவன் கட்டாரில் இருந்தாலும் கிணற்றடியில் தினமும் இவன் முகம்தான் நிற்கும். அந்தப் பெரிய மனுசத்தனத்தை மட்டும் நௌஷாட்டால் அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை.

"பொய்" என்றான். "நான் ஒண்டும் சொல்லல்ல. கண்டனான். தண்ணி ஏறுமெண்டும் தெரியும். வாயத் திறக்கல்ல."

மாமி அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன் மகன்?"

"எரிஞ்சிச்சு மாமி."

"என்னத்துக்கு?"

எவ்வளவோ இருந்தது சொல்ல. காஸ் சிலிண்டர், பிள்ளையின் காய்ச்சல், பள்ளிக்கூடத்துப் பயணங்கள். எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வர, கடைசியில் வெளியே வந்தது ஒன்றுதான்.

"கொடுவாத் தலைக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் தாடியைத் தடவினார். "முதல்ல இந்த வளைவ ஒழுங்காக்குங்க ரெண்டு பேரும். கல்லடியப் பிறகு பேசுவம்" என்று சொல்லிவிட்டு விருந்தாளிகளிடம் போனார்.

ஆற்றுவாயை வெட்டினார்கள். வாவி மளமளவென்று இறங்கியது. அன்று மாமி பெரிய கொடுவா ஒன்று வாங்கினார். தலை எந்த வீட்டுக்கும் போகவில்லை. அவரே குசினியில் இருந்து, முள்ளை ஒவ்வொன்றாக உறிஞ்சிச் சாப்பிட்டார். இரண்டு மகள்மாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நௌஷாட் தனியாக மண்டபத்துக்குப் போனபோது அப்ஹாம் ஏற்கெனவே பின்வளவில் இருந்தான். குற்றியை எடுத்துவிட்டு வளைவை முட்ட வைத்திருந்தான். பல் வைத்த கிளாம்புகளும் அவற்றை இறுக்குகிற சாவியும் சாக்கின் மேல் கிடந்தன. சலாம் சொன்னான். நௌஷாட் பதில் சலாம் சொல்லிவிட்டு, வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காக்கா" என்றான் அப்ஹாம். "ஆகக் கூடினா தண்ணி எதுமட்டும் வரும்?"

இதை அவன் கேட்கட்டும் என்றுதான் இத்தனை நாளும் நௌஷாட் காத்திருந்தான். இப்போது கேட்டுவிட்டான். நௌஷாட் ஒரு கரித் துண்டைப் பொறுக்கி மதிலடிக்குப் போனான். தன் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு இழுத்தான்.

அப்ஹாம் கோட்டையும் வாவியையும் மாறி மாறிப் பார்த்தான். "இவ்வளவு வருமா? எனக்குத் தெரியாது காக்கா."

எனக்குத் தெரியாது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான் இவன் என்று நௌஷாட்டுக்கு மறுபடியும் எரிந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினான்.

"அந்தச் சாவிய இஞ்சால தா" என்றான். "நீ பிடி, நான் இறுக்குறன்."